காலையில் மலை, மாலையில் கடல்: ஹாங்காங்கைப் பொதுப்போக்குவரத்தில் சுற்ற முழுமையான வழிகாட்டி

ஹாங்காங்குக்குப் போகிற நம்மவர்களில் பெரும்பாலோர் டூர் கம்பெனியின் ஏசி பேருந்தில் ஏறி, வழிகாட்டி கொடியைத் தூக்கிய இடத்தில் இறங்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்த ஊரின் சிறப்பே அப்போது விடுபட்டுப் போகிறது. நடுவே கடல், கரையை ஒட்டி ஒரு குறுகிய சமதளம், உடனே செங்குத்தான மலை. இப்படிப்பட்ட இடத்தில் லட்சக்கணக்கான மக்கள் தினமும் வேலைக்குப் போய்வர, 130 ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றன்மேல் ஒன்றாக வழிகள் போட்டிருக்கிறார்கள்: படகு, மலையேறும் இழுவை ரயில், இரட்டை அடுக்கு டிராம், மலைச்சரிவில் தெருவோடு ஓடும் எஸ்கலேட்டர். அங்கே பார்க்க வேண்டிய முதல் காட்சி இந்த வண்டிகள்தான் என்பது என் உறுதியான கருத்து.

முதல்முறை போகிறவரை மனதில் வைத்து இந்த ஒருநாள் திட்டத்தை எழுதியிருக்கிறேன். சிம் ஷா சுய் பகுதியில் தங்குவதாக வைத்துக்கொள்கிறேன். கவுலூன் தீபகற்பத்தின் தென்முனையில் இருக்கும் அந்த இடத்தில்தான் இந்தியப் பயணிகள் பலரும் அறை எடுப்பார்கள்.

## கிளம்பும் முன்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஹாங்காங் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டணம் கிடையாது. அதன்படி ஒருமுறைக்கு 14 நாள்வரை தங்கலாம். பதிவுச் சீட்டை அச்சிட்டு பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் ஏறுவதற்கு முன்பே கேட்பார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல காலம். வானம் தெளிவாக இருக்கும், வியர்வை பிசுபிசுக்காது. மார்ச், ஏப்ரலில் மூடுபனி மலையுச்சியை விழுங்கிவிடும். மே முதல் நவம்பர் வரை புயல் வரலாம். 8ஆம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றிவிட்டால் படகும் பேருந்தும் படிப்படியாக நின்றுவிடும். அன்று அறையிலேயே இருப்பதுதான் புத்தி.

## ஆக்டோபஸ் அட்டை: முதல் வேலை

1997இல் வந்த ஆக்டோபஸ் அட்டை இல்லாமல் அந்த ஊரில் நடமாடுவது சிரமம். ரயில், பேருந்து, டிராம், படகு, மினிபஸ், தெருமுனைக் கடையில் தண்ணீர் பாட்டில் என்று எல்லாவற்றுக்கும் இதையே காட்டலாம். விமான நிலையத்திலும் எம்டிஆர் ரயில் நிலையங்களிலும் கிடைக்கும். சாதாரண அட்டைக்கு 50 ஹாங்காங் டாலர் முன்பணம், திருப்பிக் கொடுத்தால் கிடைத்துவிடும். சுற்றுலாப் பயணிகளுக்கென்று முன்பணம் இல்லாத தனி அட்டையும் உண்டு. அதன் விலை திரும்ப வராது. மூன்று நாளுக்கு மேல் தங்குகிறவர்கள் சாதாரண அட்டையை வாங்குவதே நல்லது. ஒரு ஹாங்காங் டாலர் ஏறக்குறைய 11 ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையைக் காட்டிக் குடும்பம் முழுவதும் ரயில் வாசலில் நுழைய முடியாது. காசாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் பேருந்திலும் டிராமிலும் மீதிச் சில்லறை தரமாட்டார்கள்.

## படி 1: காலை ஏழு மணிக்கு ஸ்டார் படகு

சிம் ஷா சுய் மணிக்கூண்டுதான் அடையாளம். 1915இல் கட்டிய 44 மீட்டர் உயரக் கோபுரம். பழைய கவுலூன் ரயில் நிலையத்தை இடித்தபோது இதை மட்டும் விட்டுவைத்தார்கள். அதன் பக்கத்திலேயே படகுத்துறை. சென்ட்ரல் போகும் வரிசையில் நில்லுங்கள். வான் சாய்க்கு வேறு வழி.

1888இல் இந்தப் படகுச் சேவையை ஒரு நிறுவனமாகத் தொடங்கியவர் பம்பாயிலிருந்து போன பார்சிக்காரர், தோராப்ஜி நௌரோஜி மிட்டாய்வாலா. பத்தாண்டு கழித்து, 1898இல், அதற்கு ஸ்டார் ஃபெரி என்று பெயர் வந்தது. இன்றும் ஒவ்வொரு படகின் பெயரும் 'ஸ்டார்' என்றுதான் முடியும். இந்தப் படகின் முதல் வகுப்புக் கட்டணத்தை வெறும் 5 சென்ட் உயர்த்தப் போய், 1966 ஏப்ரலில் நகரமே கலவரத்தில் இறங்கியது. அவ்வளவு தூரம் மக்களின் அன்றாடத்தோடு பிணைந்த படகு இது.

மேல்தளம், கீழ்த்தளம் இரண்டுக்கும் தனித்தனி வாசல். கீழ்த்தளத்தில் கட்டணம் கொஞ்சம் குறைவு. இன்ஜின் சத்தமும் டீசல் வாடையும் இருக்கும், ஆனால் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் ஓடும். நான் கீழ்த்தளத்தையே சொல்வேன். உள்ளே போனதும் மரப்பெஞ்சின் முதுகுப்பலகையைப் பாருங்கள். அதில் நட்சத்திர வடிவில் துளைகள் இருக்கும். பலகையைப் பிடித்து மறுபக்கம் தள்ளினால் இருக்கை திசை மாறிவிடும். படகுக்கு இரு முனையும் முன்பக்கம்தான், கரையில் திரும்பாமலே வந்தவழி போகும். பயணிகள் உள்ளே வந்ததும் பலகைகளை 'டக் டக்' என்று தள்ளி உட்காருவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சென்ட்ரல் கரை நெருங்கும்போது நீலச் சீருடைப் பணியாளர்கள் கொக்கிக் கழியால் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டுவார்கள். மொத்தப் பயணமே பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், கட்டணம் ஐந்தாறு டாலர்.

படகில் இருக்கும்போதே ஒரு முடிவை எடுக்க வேண்டும். எதிரே மலையைப் பாருங்கள். உச்சி தெரிந்தால் இந்தத் திட்டப்படியே போகலாம். உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தால் படி 4இல் உள்ள எஸ்கலேட்டரையும் படி 5ஐயும் முதலில் முடித்துக்கொண்டு, மேகம் விலகியபின் மலையேறுங்கள். மேகத்துக்குள் நின்று பார்க்க மேலே எதுவும் இல்லை.

## படி 2: இழுவை ரயிலில் மலையேற்றம்

சென்ட்ரல் ஏழாம் எண் துறையில் இறங்கி, பீக் டிராம் எனப்படும் இழுவை ரயிலின் கீழ் நிலையத்துக்கு இருபது நிமிட நடை. ஸ்டாட்யூ சதுக்கம், எச்எஸ்பிசி வங்கியின் தலைமையகம், சாட்டர் தோட்டம் என்று போகும் வழி. வங்கி வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் படுத்திருக்கும். 1941இல் ஜப்பானியரோடு நடந்த போரின் குண்டுத் தழும்புகள் அவற்றின் உடலில் இன்றும் இருக்கின்றன, தொட்டுப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை போனால் இந்தப் பகுதி முழுக்க பிலிப்பைன்ஸ் பெண்கள் அட்டைப்பெட்டிகளை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். வீட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வுநாள் அது. அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

பீக் டிராம் ஓடத் தொடங்கியதும் 1888இல்தான். முதலில் நீராவி, 1926 முதல் மின்சாரம். 2022இல் வந்த புதிய பெட்டிகளில் ஒரு தடவைக்கு 210 பேர் போகலாம். இரும்பு வடத்தில் கட்டிய இரண்டு வண்டிகள், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கும். சில இடங்களில் சரிவு 25 டிகிரிக்கும் மேல். அந்த இடத்தில் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் அடுக்குமாடிகள் மலைப்பக்கமாகச் சாய்ந்து விழுவதுபோல் தெரியும். மனதுக்கு இது பொய் என்று தெரிந்தாலும் கண் ஒப்பாது. ஏறும்போது வலப்பக்கம் உட்காருங்கள், துறைமுகம் அந்தப் பக்கம்.

இந்த மலைக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 1904இல் போட்ட சட்டப்படி சீனர்கள் உச்சிப் பகுதியில் குடியிருக்க முடியாது. 1940களின் பிற்பகுதியில்தான் அது நீங்கியது. டிராமின் முன்வரிசை இருக்கைகள் பல ஆண்டுகள் கவர்னருக்காகவே ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தன. வண்டியில் உட்காரும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஏன் காலையில்? பொழுது சாயும் நேரத்தில் இந்த வரிசை மிக நீளமாகிவிடும். இரவுக்காட்சிக்காக எல்லோரும் அப்போதுதான் மேலே போவார்கள். எட்டு மணிக்கு முன் போய்விட்டால் கூட்டமே இருக்காது. டிக்கெட் வாங்கும்போது ஒருவழி மட்டும் கேளுங்கள். மேலே உள்ள கட்டண மாடத்தையும் சேர்த்து விற்பார்கள், வேண்டாம். அதைவிட நல்ல காட்சி இலவசமாகக் கிடைக்கிறது.

## படி 3: லுகார்டு சாலையில் ஒரு மணி நேரம்

நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் கடைகளுக்குள் நுழையாமல் லுகார்டு சாலை என்ற பெயர்ப்பலகையைத் தேடுங்கள். 1907 முதல் 1912 வரை கவர்னராக இருந்தவரின் பெயர். லுகார்டு சாலையும் ஹார்லெக் சாலையும் சேர்ந்து மலையை ஒரு சுற்றுச் சுற்றி வரும். மூன்றரை கிலோமீட்டர், ஏறக்குறைய முழுவதும் சமதளம். முட்டிவலி உள்ளவர்களும் நிதானமாக நடக்கலாம். வழியெல்லாம் நிழல். விழுதுவிட்ட பெரிய ரப்பர் மரம் ஒன்று பாதையோரத்தில் நிற்கிறது. நம் ஊர் ஆலமரத்துக்குச் சொந்தக்கார மரம்தான். அதிகாலையில் உள்ளூர்ப் பெரியவர்கள் கையை வீசிக்கொண்டு வேகவேகமாக நடப்பார்கள்.

கால் மணி நேரம் நடந்ததும் மரங்கள் விலகும். அங்கே நின்றுவிடுங்கள். நீங்கள் நிற்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர். நேர் கீழே சென்ட்ரலின் கோபுரங்கள், நடுவே பச்சை கலந்த கடல், எதிர்க்கரையில் 484 மீட்டர் உயர ஐசிசி கட்டடம். அதாவது மலைமேல் நின்றுகொண்டும் அந்தக் கட்டடத்தின் உச்சியை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். சற்று முன் நீங்கள் வந்த படகும் சிறு புள்ளியாகத் தெரியும்.

இன்னும் நடந்தால் காட்சி அடியோடு மாறும். நகரம் மறைந்து, தென்சீனக் கடலும் தீவுகளும் வரும். மூன்று புகைபோக்கிகள் தெரிகிற தீவு லம்மா. ஒரு மலையின் இரண்டு பக்கம் இவ்வளவு வேறுபட்டிருப்பதை நடந்து பார்த்தால்தான் நம்ப முடியும். அதனால் படம் எடுக்கும் இடத்தோடு திரும்பிவிடாமல் முழுச் சுற்றும் முடியுங்கள்.

## படி 4: 15ஆம் எண் பேருந்தில் இறக்கம், எஸ்கலேட்டரில் ஏற்றம்

இறங்குவதற்குப் பேருந்துதான். பீக் டிராமில் எல்லா இருக்கையும் மலையைப் பார்த்தே இருப்பதால், இறங்கும்போது முதுகுப்பக்கமாகப் போக வேண்டும். 15ஆம் எண் இரட்டை அடுக்குப் பேருந்தில் மேல்தள முன்வரிசை கிடைத்தால் விடாதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மரக்கிளைகள் கண்ணாடியில் அடிக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் திடீரென்று திறக்கும் பள்ளத்தாக்கு. ஊட்டி மலைப்பாதை பழகியவர்களுக்குப் பயம் வராது. தலைசுற்றல் உள்ளவர்கள் கீழ்த்தளத்தில் உட்காரட்டும். ஏசி பலமாக இருக்கும், ஒரு சால்வை உதவும்.

சென்ட்ரலில் இறங்கி, சென்ட்ரல் மார்க்கெட் கட்டடத்துக்கு வாருங்கள். அங்கேதான் தொடங்குகிறது 1993இல் திறந்த மிட்-லெவல்ஸ் எஸ்கலேட்டர். தொடர்ச்சியாகப் பல நகரும் படிக்கட்டுகள், மொத்தம் 800 மீட்டர் நீளம், 135 மீட்டர் ஏற்றம். கட்டணம் இல்லை. காலை 6 முதல் 10 வரை கீழ்நோக்கி ஓடும், மலைச்சரிவில் குடியிருப்பவர்கள் வேலைக்கு இறங்குவதற்காக. 10 மணிக்கு மேல் நள்ளிரவு வரை மேல்நோக்கி ஓடும். மலையை முதலில் முடிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலப்பக்கம் நில்லுங்கள், இடப்பக்கம் நடப்பவர்களுக்கு. ஹாலிவுட் சாலை வந்ததும் இறங்கி, தாய் குன் வளாகத்துக்குள் போங்கள். பழைய மத்திய காவல் நிலையம், நீதிமன்றம், விக்டோரியா சிறை மூன்றும் சேர்ந்த இடம். 2018இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள், அனுமதி இலவசம். வியட்நாமின் ஹோ சி மின் 1931இல் அடைபட்டிருந்தது இந்தச் சிறையில்தான். சிறை அறைகளுக்குள் நுழைந்து பார்க்கலாம். சுத்தமான கழிப்பறையும் உட்கார நிழலும் இருக்கின்றன. நடுப்பகலில் வேறென்ன வேண்டும்?

நேரம் இருந்தால் மறுபடி எஸ்கலேட்டரில் ஏறி ஷெல்லி தெருவரை போகலாம். ஹாங்காங்கின் மிகப் பழைய பள்ளிவாசலான ஜாமியா மசூதி அங்கே மரங்களுக்கு நடுவே அமைதியாக இருக்கிறது. திரும்ப இறங்குவதற்கு எஸ்கலேட்டர் கிடையாது, படிகளில்தான் இறங்க வேண்டும்.

## சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

'வெஜிடேரியன்' என்று சொன்னால் கீரையைக் கொண்டுவந்து வைப்பார்கள், அதன்மேல் சிப்பிச் சாறு ஊற்றியிருக்கும். பௌத்த சைவ உணவகங்களைத் தேடிப் போனால் இந்தக் கவலை இல்லை. கடைகளில் 'ங்ஓ சிக் சாய்' என்று சொல்லுங்கள், நான் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். முட்டை டார்ட் எல்லா இடத்திலும் கிடைக்கும், பெயரிலேயே முட்டை இருக்கிறது. இந்தியச் சாப்பாடுதான் வேண்டுமென்றால் இரவில் சிம் ஷா சுய் திரும்பியதும் நாதன் சாலையின் சுங்கிங் மேன்ஷன்ஸ் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் தமிழ்க்குரல் காதில் விழுந்தால் வியக்க வேண்டாம். காயல்பட்டினத்துக்காரர்கள் தலைமுறைகளாக இங்கே வணிகம் செய்கிறார்கள்.

## படி 5: டிங் டிங் டிராம், முழுசாக ஒரு மணி நேரம்

ஹாலிவுட் சாலையிலேயே மேற்கே பத்து நிமிடம் நடந்தால் மான் மோ கோயில். 1847இல் கட்டியது. கல்விக்கும் போருக்குமான இரு தெய்வங்கள் ஒரே சன்னதியில். கூரையிலிருந்து கொசுவர்த்திச் சுருளைப் போன்ற ராட்சத ஊதுபத்திகள் தொங்கும், ஒவ்வொன்றிலும் வேண்டிக்கொண்டவரின் பெயரெழுதிய சிவப்புச் சீட்டு. சாம்பல் தோளில் விழும், தட்டிவிட்டால் போதும். பிறகு பக்கத்துப் படிக்கட்டுத் தெருவில் இறங்கி ஷியூங் வானில் டிராம் பாதைக்கு வாருங்கள்.

1904இலிருந்து ஓடும் டிராம் இது, எல்லாமே இரட்டை அடுக்கு. மணியோசையை வைத்து 'டிங் டிங்' என்றே ஊரார் கூப்பிடுகிறார்கள். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், மூன்று டாலர் சொச்சம். நாள் முழுவதற்குமான பயணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஏறும் முறை முதலில் குழப்பும். பின்வாசலில் உள்ள சுழல்கதவைத் தள்ளி ஏற வேண்டும், அப்போது காசு கிடையாது. இறங்கும்போது முன்வாசலில், ஓட்டுநர் பக்கத்தில், அட்டையைக் காட்ட வேண்டும். நடுவே கூட்டம் என்பதால் இறங்கும் நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே மேல்தளத்திலிருந்து கீழே வந்துவிடுங்கள். மாடிப்படி குறுகலானது, செங்குத்தானது. வயதானவர்களைக் கீழே உட்கார வையுங்கள்.

கிழக்கே போகும் வண்டிகளில் 'நார்த் பாயிண்ட்' என்று பலகை போட்டதில் மட்டும் ஏறுங்கள். 'ஷாவ் கெய் வான்' பலகை உள்ளது வேறு சாலையில் போய்விடும். மேலே முன் ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்தால், வங்கிக் கோபுரங்கள், வான் சாயின் பழைய அடகுக்கடைகள், காஸ்வே பேயின் விளம்பரத் திரைகள் என்று ஊரின் குறுக்குவெட்டு முழுவதும் கண்முன் போகும். வான் சாயில் ஜான்ஸ்டன் சாலை வரும்போது கவனியுங்கள். டிராம் தொடங்கிய காலத்தில் அந்த இடம்தான் கடற்கரை. இப்போது கடல் பல தெருக்கள் தள்ளிப் போய்விட்டது, அவ்வளவும் தூர்த்த நிலம். துறைமுகம் இனியும் சுருங்கக் கூடாது என்று 1997இல் தனிச்சட்டமே போட்டார்கள்.

கடைசியில் சுன் யியுங் தெரு. இதற்காகத்தான் இவ்வளவு தூரம். காய்கறி, மீன், பழம், துணி விற்கும் சந்தைத் தெருவின் நடுவிலேயே தண்டவாளம். பெண்கள் தண்டவாளத்தில் நின்று கீரைக்கட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வண்டி மணியடித்து ஊர்ந்துவரும்போது பையோடு ஓரடி ஒதுங்குவார்கள், கடந்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள். கடைக்கூரை உங்கள் ஜன்னலை உரசுவதுபோல் வரும். கையை வெளியே நீட்டாதீர்கள். தெருமுடிவில் கடைசி நிறுத்தம். இறங்கி அதே சந்தையில் ஒருமுறை நடந்து, பழம் வாங்கிச் சாப்பிடுங்கள்.

## படி 6: ஊர்க்காரர்களின் படகில் திரும்புதல்

நார்த் பாயிண்ட் நிறுத்தத்திலிருந்து கடல்பக்கம் சில நிமிடம் நடந்தால் படகுத்துறை. ஹங் ஹாம் போகும் படகில் ஏறுங்கள். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள்தான் அதிகம், சுற்றுலாக்காரர்கள் குறைவு. ஸ்டார் படகைப்போல அடிக்கடி வராது, நேர அட்டவணையைத் துறையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சூரியன் மறையும் வேளைக்கு ஏறினால் இரு கரையிலும் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். மலையுச்சியில் கூட்டத்தில் முண்டியடித்துப் பார்க்கும் இரவைவிட, தண்ணீர்மட்டத்திலிருந்து பார்க்கும் இந்த அந்தி எவ்வளவோ மேல் என்பேன்.

ஹங் ஹாமிலிருந்து சிம் ஷா சுய் வரை கடலோரமாகவே நடைபாதை இருக்கிறது. மெதுவாக நடந்தால் முக்கால் மணி நேரம். கால் வலித்தால் துறை வாசலிலேயே பேருந்து நிலையம் உண்டு. எட்டு மணிக்குக் கட்டடங்களில் ஒளிக்காட்சி நடக்கும், பத்து நிமிடம்தான். போகிற வழியில் அமைந்தால் பாருங்கள், அதற்காகவே ஓட வேண்டியதில்லை.

## சில நடைமுறைக் குறிப்புகள்

எம்டிஆர் ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் விதிப்பார்கள். கடலுக்கு அடியில் நான்கு நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் அந்த ரயிலை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் எதுவும் தெரியாது. யாராவது உதவினால் 'ம்கோய்' என்று சொல்லுங்கள், நன்றிக்கும் 'தயவுசெய்து' என்பதற்கும் அந்த ஒரே சொல்தான். புதுச் செருப்பு வேண்டாம். குழந்தைகளோடு போகிறவர்கள் லுகார்டு சாலையில் பாதிச் சுற்றோடு திரும்பி, சந்தைப் பயணத்தைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு டிராம்தான் பிடிக்கும்.

பீக் டிராம் டிக்கெட்டைத் தவிர்த்துப் பார்த்தால், இந்த நாள் முழுவதற்கும் ஒருவருக்கான பயணச்செலவு 50 ஹாங்காங் டாலரைத் தாண்டாது. மலையேற்றத்துக்கும் 15ஆம் எண் பேருந்தையே எடுத்தால் அந்த டிக்கெட்டும் மிச்சம். ஆனால் முதல்முறை போகிறவர்கள் ஒருதடவையாவது பீக் டிராமில் ஏறிவிடுங்கள், அந்தச் செலவு தகும்.